துண்டுக்குள் ஒரு கை

தொட்டிக்கரை நடுநிலைப் பள்ளியில், ஐப்பசி மாதத்து ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாடு முடிந்து முதல் மணி அடித்த பிறகு, ஆறாம் வகுப்புப் படிக்கும் என் மகள் வாணி யாரும் உட்காராத ஒரு நாற்காலியின் எதிரே உட்கார்ந்து, துண்டை விரித்து, அதற்குள் தன் வலது கையை விட்டாள். உள்ளே இருந்த கை அவள் கையைப் பிடித்துக்கொண்டது.

எங்கள் ஊருக்குச் சந்தைதான் சாமி. வியாழக்கிழமை விடிந்தால் நாற்பது ஊர் மாடும் ஆடும் வந்து இறங்கும். வாங்குகிறவனும் விற்கிறவனும் வாயால் விலை சொல்ல மாட்டார்கள். தரகர் தோளில் கிடக்கிற துண்டை எடுத்துக் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பிடித்துப் பேசுவார்கள். ஒரு விரலைப் பிடித்தால் ஒன்று, இரண்டைப் பிடித்தால் இரண்டு, முழுக்கையையும் அழுத்தினால் ஐந்து, சுற்றி நிற்கிற நூறு பேருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தத் துண்டுக்கு ஒரு மரியாதை உண்டு. பேரம் முடியும்வரை கையை உருவக் கூடாது, அடுத்தவன் துண்டைத் தூக்கிப் பார்க்கக் கூடாது. அப்படித் தூக்கிப் பார்த்த ஒருத்தனின் பேரன் காலத்திலும் அந்த வீட்டுக் கன்றுக்குட்டிக்குக் கயிறு பிடிக்க ஆளில்லை. வேறு எந்த ஊராக இருந்தாலும் அந்த மத்தியானமே யாராவது ஓடிப்போய்த் துண்டை உருவி எறிந்திருப்பார்கள், நல்லதோ கெட்டதோ அன்றைக்கே முடிந்திருக்கும். எங்கள் ஊரில், வகுப்பிலிருந்த மற்ற முப்பது பிள்ளைகளும் எழுந்து, சந்தையில் பெரியவர்கள் நிற்பதுபோலவே இரண்டு முழம் தள்ளி, வட்டமாக நின்றுகொண்டு, பேரம் முடியக் காத்திருந்தார்கள்.

எனக்குச் சேதி வந்தபோது நான் ஓர் எருமையின் வாயைப் பிளந்து பல் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்துணவு ஆயா மூச்சு வாங்க வந்து நின்றாள். "அங்காத்தா, உன்ற புள்ள பள்ளிக்கூடத்துல பேரம் பேசிட்டிருக்குது" என்றாள். "ஆருகிட்ட?" என்றேன். "அதுதான் தெரியல" என்றாள்.

போய்ப் பார்த்தேன். வாணி ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். எதிரே தலைமையாசிரியர் அறையிலிருந்து கொண்டுவந்து போட்ட பிரம்பு நாற்காலி. அதில் யாரும் இல்லை, ஆனால் பிரம்பு கனத்த ஆள் உட்கார்ந்ததுபோல் குழிந்திருந்தது. இரண்டுக்கும் நடுவில் என்னுடைய பச்சைக்கரைத் துண்டு, அந்தரத்தில், ஒரு முன்கை நீளத்துக்குச் சமமாகக் கிடந்து அப்புறம் நேராகத் தொங்கியது. மகளின் முகத்தில் அழுகை இல்லை. விலை கேட்கிறவள் முகம் எப்படி இருக்குமோ அப்படி இருந்தது. அதைப் பார்த்துத்தான் எனக்குப் பயம் வந்தது.

பயம் வந்தால் எனக்குக் கோபம் வரும். எஸ்தர் டீச்சரைப் பிடித்துக்கொண்டேன்.

"என்ன டீச்சர் பண்ணி வெச்சிருக்கீங்க என்ற புள்ளைய?"

"கதைதான் வாசிச்சேன் அக்கா. வேற ஒண்ணும் செய்யலை."

"எழுத்துச் சொல்லிக் குடுங்கன்னா கதை என்னத்துக்கு?"

"கதைக்காகத்தான் அக்கா இவங்க எழுத்தே படிச்சாங்க."

அது பொய்யில்லை. கடற்கரைப் பக்கத்து ஊரிலிருந்து வந்த அந்த டீச்சர், மத்தியானத்தில் மாடு மேய்க்க ஓடிவிடுகிற பிள்ளைகளைப் பெஞ்சில் உட்காரவைக்க ஒரு வழி கண்டுபிடித்திருந்தாள். தினம் ஓர் அத்தியாயம் வாசிப்பாள். புத்தகம் பழையது, யாரோ சீமையில் எழுதி, யாரோ தமிழில் போட்டு, எத்தனையோ தலைமுறைப் பிள்ளைகள் புரட்டிப் புரட்டி அட்டையே இல்லாமல் போனது. மழைக்கு ஒதுங்கிய ஏழு பிள்ளைகள், பாழடைந்த மாவுமில்லின் பெரிய சக்கரத்துக்குப் பின்னாலிருக்கிற சந்தில் நுழைந்து, உச்சிவெயில் என்பதே இல்லாத ஒரு நாட்டில் வெளியே வருகிறார்கள். அங்கே நரி வழி சொல்லும், மரம் இடம் மாறி நிற்கும், எல்லாம் நன்றாகத்தான் இருக்கும், அந்த நாட்டு ராசாவைப் பார்க்கிறவரைக்கும். அவன் முகத்தை யாரும் பார்த்ததில்லை. ஆறு பேர் வீட்டுக்குப் போகலாம், ஒரு பிள்ளை எனக்கு என்கிறான் அவன். ஏழு பேரில் மூத்தவள், நான் பேசிப் பார்க்கிறேன் என்று அவன் எதிரே போய் உட்காருகிறாள். அதற்கு மேல் பக்கம் இல்லை. கரையான் தின்றுவிட்டது.

"முடிவை நீங்களே நடிச்சுக் காட்டுங்கன்னு சொன்னேன்" என்றாள் டீச்சர். "ராசா வேசம் போட ஒரு பிள்ளைக்கும் தைரியம் இல்ல. சரின்னு நாற்காலியைக் காலியா விட்டோம். வாணி மூத்தவளா வந்தா. பேசு வாணின்னேன். அவ பேசலை. பையிலேருந்து துண்டை எடுத்தா."

அதற்குமேல் டீச்சரைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை. பேரம் பேசு என்றால் வாயால் பேசுவது என்று என் மகளுக்கு எப்படித் தோன்றும்? அவள் அப்பன் போன பிறகு நான் தரகுக்கு இறங்கினேன். பொம்பளை கையைத் துண்டுக்குள்ளே பிடிப்பதா என்று ஆம்பளைகள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். மூன்று வியாழக்கிழமை சந்தை நடுவில் நின்று கத்தினேன், நாலாவது வியாழக்கிழமை தரகர் சங்கத் தலைவர் சென்னியப்பண்ணன் வந்து என் துண்டுக்குள் கையை விட்டார். அன்றைக்கு வாணி என் இடுப்பில் இருந்தாள். எதிரே உட்கார்ந்திருப்பது ராசாவோ பேயோ, பேரம் என்றால் துண்டு. எதிரே ஆள் இல்லாமல் துண்டை விரிக்கக் கூடாது என்பதை மட்டும் நான் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. யாரும் யாருக்கும் சொன்னதில்லை, சொல்ல வேண்டியிருக்கும் என்று தோன்றியதில்லை.

"என்ன கேக்குது கண்ணு?" என்றேன்.

"ஒண்ணுங்மா. ஒரே ஒரு விரலைப் புடிச்சுட்டே இருக்குது."

மறுநாள் சந்தை முடிந்ததும் தரகர்கள் வந்தார்கள். செருப்பை வெளியே விட்டுவிட்டு, தள்ளி நின்று, துண்டின் மடிப்பையும் அது விழுந்திருக்கிற வாட்டத்தையும் பார்த்தார்கள். எதிர்க்கை எப்படிப்பட்டது என்று துண்டை வைத்தே சொல்லிவிடுகிற ஆட்கள் அவர்கள். சென்னியப்பண்ணன் நெடுநேரம் பார்த்துவிட்டு, "அவசரமே இல்லாத கை அம்மிணி. இந்த மாதிரிக் கை ஏமாறாது" என்றார்.

அதற்கப்புறம் ஊர் தன்பாட்டுக்கு அதற்குப் பழகியது. தலைமையாசிரியர் ஆறாம் வகுப்பை வேப்பமரத்தடிக்கு மாற்றினார். நான் இரண்டு சேலையைக் கட்டி மறைப்பு ஏற்படுத்தி, வாளி வைத்து, மகளுக்கு இடது கையில் சாப்பிடப் பழக்கினேன். நர்ஸம்மா வந்து வாணிக்கு நாடி பார்த்துவிட்டு, எதிராளிக்கும் பார்க்கட்டுமா என்பதுபோல் சுற்றிப் பார்த்தாள். பள்ளியைப் பார்வையிட வந்த அதிகாரி, மாணவி வகுப்பறையில்தான் இருக்கிறாள் என்பதால் வருகை உண்டு என்று எழுதினார், நாற்காலி பள்ளிக்கூடத்துச் சொத்தா என்று மட்டும் கேட்டுக்கொண்டார். பொம்பளைகள் நாற்காலிக் காலில் மஞ்சள் கயிறு கட்டினார்கள். காலையில் பார்த்தால் கயிறு ஈர்க்குபோல் விறைத்து, தொட்டால் முறிந்தது. ஒருத்தி, வெளிநாடு போய்ச் சேதியே இல்லாத மகன் எங்கே இருக்கிறான் என்று உள்ளே இருக்கிறவரைக் கேட்டுச் சொல்லச் சொன்னாள். ஒருத்தர் போர்க்கிணறு போட இடம் கேட்டார். வாணி எல்லோருக்கும் ஒரே பதில் சொன்னாள்: "அது எதுவும் சொல்றதில்லீங். கேக்குறது மட்டுந்தான்."

ஒரு வாரத்தில் அவள் கை முழங்கைவரை சில்லிட்டது. இரண்டாவது வாரத்தில் தோள்வரை. ஐப்பசிப் புழுக்கத்தில் நாங்கள் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டிருக்க, அவள் பேசும்போது வாயிலிருந்து புகை வந்தது. நர்ஸம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, குளிர் தோளைத் தாண்டி நெஞ்சுக்கு இறங்கினால் அப்புறம் தன் கையில் ஒன்றுமில்லை என்றாள்.

நீ ஏன் உன் கையை விடவில்லை என்று கேட்பீர்கள். தரகில் கை மாற்றுவது உண்டுதான். புதுக் கை அடியிலிருந்து வரவேண்டும், பழைய கை மேலாக உருவிக்கொள்ளவேண்டும், எதிராளி சம்மதித்துப் பிடியைத் தளர்த்தவேண்டும். முதல் நாளே நான் கிட்டே போனேன். வாணிதான் தலையை ஆட்டினாள். "வேண்டாங்மா. நீங்க கோவத்துல முடிச்சுப்புடுவீங்க" என்றாள். ஊரறிந்த விசயம் அது. மூன்றாவது பிடியில் முடிக்காத பேரம் என் கையில் கிடையாது, நாலாவது பிடி வந்தால் எனக்குத் தலை சூடேறி, முடிந்தது போ என்று கையை உதறிவிடுவேன். மகள் வேண்டாம் என்றதும் நான் நின்றுவிட்டேன். அவள் சொன்னதற்காக நின்றேன் என்று ஊருக்குச் சொன்னேன். பயந்து நின்றேன். அந்தத் துண்டுக்கு ஒரு சாண் தூரத்தில் என் கை மயிரெல்லாம் குத்திட்டு நின்றது.

மூன்றாவது வாரம் சந்தைத் திடலில் சங்கம் கூடியது. நல்ல வெயில், மாடுகள் இல்லாத வெறுந்திடல். சென்னியப்பண்ணன் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, "ஒண்ணு கேக்குது. ஒண்ணு குடுத்தா முடிஞ்சுது. எதைக் குடுக்கறதுங்கறதுதான பேச்சு?" என்றார். யாரும் அதிரவில்லை. கிழடு கணக்கில் சேர்த்தியா என்று ஒருத்தர் கேட்டார். கதையில் பிள்ளை என்றுதான் இருக்கிறது என்றார் இன்னொருத்தர். நோஞ்சானைக் கொடுத்தால் திருப்பி அனுப்பிவிடும் என்றார்கள். கறவை வற்றிய மாட்டைப் பற்றிப் பேசுகிற குரலில், கோபமில்லாமல், அழுகையில்லாமல், பீடி பிடித்தபடி பேசினார்கள். கடைசியில், தேடிவந்து கேட்க ஆளில்லாத பிள்ளையாகப் பார்க்கவேண்டும் என்ற இடத்தில் வந்து பேச்சு நின்றது.

அப்போது ஒரு குரல், "ஆஸ்டல்ல இருக்குற அந்த மலைப்புள்ள மாதி" என்றது. இப்போது எழுதும்போது அதை வேறு யார் வாயிலாவது போட்டுவிடலாம், கேட்க ஒருத்தரும் வரப்போவதில்லை. சொன்னது நான்தான்.

மாதிக்குத் தாய் தகப்பன் கிடையாது. மலைமேல் தாய்மாமன் வீட்டில் ஒரு தம்பி, அவ்வளவுதான். வாணியின் பெஞ்சில் பக்கத்து இடம் அவளுடையது. நான் தேன்மிட்டாய்ப் பொட்டலம் ஒன்று வாங்கிக்கொண்டு விடுதிக்குப் போனேன். வாணி உன்னைப் பார்க்கோணுங்குது வா சாமி என்றேன், உடனே வந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு நடத்திக் கூட்டிவந்தேன். தெருவில் நின்றவர்கள் எல்லோரும் எங்களைப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தினார்கள்.

"அத்தை, உங்க கை ஏன் இப்படி நடுங்குது?" என்றாள் மாதி.

"வெயிலு கண்ணு."

அவள் வானத்தைப் பார்த்தாள். என் முகத்தைப் பார்த்தாள். கையை இழுத்துக்கொள்ளவில்லை.

வகுப்பறைக்குள் போனதும் வாணி எங்கள் இரண்டு பேரையும் பார்த்தாள், தேன்மிட்டாய்ப் பொட்டலத்தைப் பார்த்தாள், புரிந்துகொண்டாள். தரகுக்காரி மகள், கயிறு கை மாறுகிற ஜாடை தெரியாமல் இருக்குமா?

"அம்மா, இது ஒண்ணு கேக்குது. அவ்வளவுதான் கேக்குது. மாதியைக் கேக்கல. ஆருன்னு இது இத்தன நாள்ல கேட்டதே இல்ல. அது நீங்க சொல்றதுங்."

"நெஞ்சுக்கு இறங்குனா செத்துப் போயிருவடி."

"செத்தாலும் நான் சரின்னு விரலைக் குடுக்க மாட்டேன். பேரம் என்ற கையில இருக்குது."

புகைபுகையாக வந்தது அவள் பேச்சு. உதடு நீலம் பாரித்திருந்தது. மாதி மெதுவாக என் கையிலிருந்து தன் கையை எடுத்துக்கொண்டு, போய் வாணியின் முதுகோடு முதுகாக உட்கார்ந்துகொண்டாள், அவளுக்குச் சூடு ஏறட்டும் என்று. அந்தப் பிள்ளையைத்தான் நான் கூட்டிவந்திருந்தேன்.

எனக்கு வந்த கோபம் எங்கே போய் முட்டுவது என்று தெரியாத கோபம்; சென்னியப்பன்மேல், கரையான்மேல், முடிவில்லாத புத்தகத்தின்மேல், எல்லாவற்றுக்கும் மேல் பொட்டலம் பிடித்திருந்த என் கைமேல். பொட்டலத்தை எறிந்தேன். துண்டுக்கு அடியில் கையைக் கொண்டுபோனேன்.

"முடிக்க மாட்டேன்னு சொல்லுங்க" என்றாள் வாணி.

"முடிக்க மாட்டேன்."

"அது என்ன குடுத்தாலும்?"

"சத்தியமா முடிக்க மாட்டேன்டி, கைய எடு!"

அது பிடியைத் தளர்த்தியது. மகளின் கை மேலாக உருவிக்கொண்டு போனது. அப்புறம் அது என்னைப் பிடித்தது.

பத்து வருசமாக எத்தனையோ கையைத் துண்டுக்குள் பிடித்திருக்கிறேன். காய்ப்பு ஏறிய கை, விரல் போன கை, பொய் சொல்லும்போது வேர்க்கிற கை. இது பால்கேனின் உள்பக்கம்போல வழவழவென்று, ரேகை என்று ஒரு கீறல்கூட இல்லாமல், ஆழத்துக் கிணற்றுத் தண்ணீர்போல் இருந்தது. பழக்கதோசத்தில் விரலை எண்ணினேன். ஐந்துக்கு அப்புறம் இன்னொன்று இருந்தது. அதற்கப்புறம் இன்னொன்று. ஒன்பதோடு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அன்றிலிருந்து கடைசி நாள்வரை அந்தக் கையில் நான் விரல் எண்ணவில்லை.

அது என் ஒரு விரலைப் பிடித்தது. ஒன்று.

நான் என் கையைக் கல்லாக வைத்துக்கொண்டேன். பேரம் முடியாதவரை மாடு உடையவன் கொட்டகையில்தான் நிற்கும், இதுதான் சந்தைச் சட்டம், இதைவிட்டால் எனக்கு வேறு சட்டம் தெரியாது. முடிக்காமல் இருந்தால் போதும். ஒரு பிள்ளையும் எங்கேயும் போகவேண்டியதில்லை.

முதல் நாளே குளிர் முழங்கைக்கு வந்தது. பயத்தில் இருந்தேன், விறுவிறுவென்று ஏறியது. அப்போது எட்டாம் வகுப்புப் பையன் ஒருத்தன் சன்னல் வழியாக எட்டிப் பார்த்து, "அங்காத்தாக்கா, நீ போன வாரம் பேசிக் குடுத்த எருமை உதைக்குதாமா" என்று கத்தினான். "எவன்டா சொன்னது? பல்லைப் பார்த்து, காலைப் பார்த்து, நான் பேசிக் குடுத்த எருமையடா அது!" என்று நான் எகிறினேன். எகிறி முடித்துப் பார்த்தால் குளிர் மணிக்கட்டுக்கு இறங்கியிருந்தது.

அதைக் கவனித்தது எஸ்தர் டீச்சர்தான். மறுநாள் வேப்பமரத்தடியிலிருந்து ஆறாம் வகுப்பைத் திரும்ப உள்ளே கொண்டுவந்தாள். ஊர்க்கூட்டம் அவளைக் கதையே வாசிக்கக் கூடாது என்று சொல்லியிருந்தது. அட்டையில்லாத புத்தகத்தை எரித்துவிடு என்றும் சொல்லியிருந்தது, ஆனால் தீக்குச்சியைக் கிழிக்க ஒருத்தருக்கும் துணிவில்லாததால் அது தலைமையாசிரியரின் பீரோவில் கிடந்தது. அவள் வேறு புத்தகங்கள் கொண்டுவந்தாள், எல்லாம் பழசு, எல்லாம் முடிவுள்ளது, முதல் நாள் வீட்டில் கடைசிப் பக்கத்தைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் வகுப்புக்குக் கொண்டுவருவாள். மூன்று வரம் கேள் என்றால் மூன்றையும் ஒரே மூச்சில் கேட்டுவிட்டு முழிக்கிற ராசகுமாரன், திரும்பிப் பார்க்காதே என்றால் திரும்பிப் பார்க்கிறவள், கிழவி கொடுத்த சாவியை முதல் கடையிலேயே பஞ்சுமிட்டாய்க்குக் கொடுத்துவிடுகிறவன். நான் ஐந்தாவதுக்கு மேல் படிக்காதவள். இத்தனை கதைகள் உலகத்தில் இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"அடேய் கூறுகெட்டவனே, ஒரு வரத்தைக் கையில வெச்சுட்டுல்ல மீதிய கேட்கோணும்!"

"அக்கா, அவன் கதையில இருக்கான்."

"எங்க இருந்தா என்ன? மடையன் மடையன்தான்!"

பிள்ளைகள் உருண்டு சிரிப்பார்கள். குளிர் மணிக்கட்டோடு நிற்கும். முப்பத்தோரு பிள்ளைகளும் முறைவைத்து வாசித்தார்கள், என்னைக் கோபப்படுத்த வேண்டும் என்பதற்காக எழுத்துக்கூட்டுகிறவன்கூடத் திக்காமல் வாசித்தான். மாதிதான் நன்றாக வாசிப்பாள். முட்டாளின் முறை வரும்போது நிறுத்தி, என் முகத்தை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, அப்புறம் மெதுவாகச் சொல்லுவாள். நான் அவளைப் பிடித்து நடத்திக் கூட்டிவந்த நாளைப் பற்றி அவள் ஒருநாளும் பேசியதில்லை. நானும் பேசவில்லை. பேசியிருக்கவேண்டும்.

கார்த்திகை போனது, மார்கழி போனது, தை போனது. அது கேட்டுக்கொண்டே இருந்தது. சிலநாள் விரலை விட்டுவிட்டு விரலின் நுனியை மட்டும் பிடிக்கும், பாதி தந்தால் போதும் என்பதுபோல. பாதிப் பிள்ளை என்றால் என்ன என்று யோசிக்க ஆரம்பித்தால் குளிர் தோளுக்கு ஏறிவிடும், அதனால் யோசிக்க மாட்டேன், வாசிங்கடா என்று கத்துவேன்.

மாசி மாதத்தில் ஒரு முற்பகல், பழைய புத்தகங்களை வேறு பள்ளிகளுக்குப் பிரித்துக் கொடுப்பதற்காக ஒரு வேன் வந்தது. தலைமையாசிரியர் பீரோவைத் திறந்துவிட்டார். கட்டுக்கட்டாகக் கட்டி எடுத்துப்போனார்கள். நான் உட்கார்ந்திருந்த ஸ்டூலுக்கு நேராகத்தான் வாசல். மூன்றாவது கட்டில், நடுவில், அட்டையில்லாத அந்தப் புத்தகம் இருந்ததை நான் பார்த்தேன். டீச்சர் வேறு வகுப்போடு மரத்தடியில் இருந்தாள், அவள் பார்க்கவில்லை. ஒரு குரல் கொடுத்தால் போதும். போய்த் தொலையட்டும் என்று வாயை மூடிக்கொண்டேன். எங்கள் ஊரைவிட்டுப் போனால் சரி. வேனின் கதவு சாத்துகிற சத்தம் கேட்டபோது எனக்கு நிம்மதியாகக்கூட இருந்தது.

பங்குனியில், வருசப் பரீட்சைக்கு ஒரு வாரம் இருக்கும்போது, காலை முதல் பாடத்தில், மாதி வாசித்துக்கொண்டிருக்க, அந்தக் கை என் விரலை விட்டது. முதலில் விரலை விட்டது, அப்புறம் உள்ளங்கையை விட்டது. துண்டு தொப்பென்று என் மடியில் விழுந்தது. பிரம்பு நாற்காலி முனகிக்கொண்டு நிமிர்ந்தது.

நான் முதலில் செய்தது பிள்ளைகளை எண்ணியது. முப்பத்தொன்று. திரும்ப எண்ணினேன். முப்பத்தொன்று. வாணி ஓடிவந்து கழுத்தைக் கட்டிக்கொண்டாள். ஊர் திரண்டு வந்தது, வெடி வெடித்தார்கள், மாரியம்மன் கோவிலில் பொங்கல் வைக்க அடுப்பு மூட்டினார்கள். நான் ஐந்து மாதத்துக்குப் பிறகு எழுந்து நின்றேன்.

தரகர்கள் மட்டும் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள். சென்னியப்பண்ணன் என்னைப் பார்க்கவில்லை, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்னங்ணா?" என்றேன்.

"உனக்குத் தெரியாததா அம்மிணி? வெல படியாம இத்தன நாள் புடிச்சிட்டிருந்தவன், சொல்லாம கொள்ளாம கைய விடறான்னா என்ன அர்த்தம்?"

தெரியும். பத்து வருசத்துத் தரகு. அவனுக்கு வேறு இடத்தில் மாடு படிகிறது என்று அர்த்தம்.

வெடிச்சத்தத்துக்கு நடுவில் நான் தலைமையாசிரியரைப் பிடித்து உலுக்கினேன். "அந்தப் பொஸ்தகமெல்லாம் எந்த ஊருக்குங் போச்சு?" அவர் நோட்டைப் புரட்டிப் பார்த்து, மலைமேலிருக்கிற ஒரு பள்ளியின் பெயரைச் சொன்னார். என் பின்னால் நின்ற மாதி, "அத்தை" என்றாள். "அது எங்க ஊரு. என் தம்பி அங்கதான் படிக்கிறான்."

அந்த ஊரில் சந்தை கிடையாது. ஒருத்தரிடம் இருப்பதை இன்னொருத்தர் கேட்டால் எடுத்துக்கொள் என்று கொடுத்துவிடுகிற சனம், மாதியே அப்படித்தான், பென்சிலைக் கேட்டால் பெட்டியைக் கொடுப்பாள். அந்தப் பிள்ளைகள் முடிவில்லாத கதையை நடிக்க நாற்காலியைப் போட்டால், அதற்கு எதிரே எந்தப் பிள்ளை உட்கார்ந்து கையை நீட்டினாலும், ஒன்று என்று கேட்டதும் சரி என்று சொல்லிவிடும்.

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டேன். எஸ்தர் டீச்சர் தனக்குத் தெரிந்த எல்லா எண்ணுக்கும் போன் போட்டுக்கொண்டிருந்தாள், மலையில் ஒன்றும் கிடைக்கவில்லை. வாணி பஸ் நிறுத்தம்வரை வந்தாள். அவள் முகத்தில் மறுபடியும் அந்த விலை கேட்கிற முகம்.

"கோவமாவே போங்கம்மா. வழியில ஆராச்சும் சண்டைக்கு வந்தா விட்டுடாதீங்க" என்றாள்.

மாதியும் நானும் மலைப் பஸ்ஸில் ஏறினோம். வழி காட்ட வேறு ஆளில்லை. முதல் வளைவில் வெயில் இருந்தது. நாலாவது வளைவில் சன்னல் கண்ணாடியில் ஆவி படிந்தது. கண்டக்டரோடு சண்டை போட்டுப் பார்த்தேன், கோபம் பற்றவில்லை, ஈர விறகுபோல் புகைந்து அணைந்தது. என் வலது கையின் நுனியிலிருந்து, யாரும் பிடிக்காமலே, குளிர் ஏறத் தொடங்கியது. அன்றொரு நாள் நான் இந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு ஒரு வாசலுக்கு நடந்தேன். இப்போது அவள் என் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, விரலை ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டாள். எனக்குத் தெரியாமலே அவள் விரலை எண்ணினேன். ஐந்து. மறுபடி எண்ணினேன். ஐந்து.

"நடுங்குது அத்தை" என்றாள்.

"பயமா இருக்குது சாமி" என்றேன். பொய் சொல்லவில்லை.

அவள் வெளியே பார்த்தாள். பத்தாவது வளைவுக்கு மேலே, உச்சிப்பொழுதில், மலை இருட்டிக்கொண்டு வந்தது. அவள் தொண்டையைச் சரிசெய்துகொண்டு, புத்தகம் இல்லாமலே, வகுப்பில் வாசிக்கிற அதே குரலில் ஆரம்பித்தாள்.

"ஒரு ஊருல ஒரு தரகுக்காரி இருந்தாளாம் அத்தை. சுத்த மடச்சி. ஒரு தேன்மிட்டாய்ப் பொட்டலத்தைக் குடுத்து ஒரு புள்ளைய வாங்கிப்புடலாம்னு நெனச்சாளாம்."

எனக்குத் தலை சூடேறியது. விரல் நுனிவரை சூடு இறங்கியது.

"சொல்லு" என்றேன். "சத்தமாச் சொல்லு. நிறுத்தாதே."